புனேயில் கூடிய சரித்திர ஆராய்ச்சியாளர்கள்

புனே நகரில் குடியேறி வாழும் தமிழர்களுள் கட்கி என்னும் பகுதியை அறியாதார் அரியர். அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதிலும், அதனைச் சூழ்ந்த இராணுவ அலுவலகங்களிலும் வேலை பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் சில தலைமுறைகளாக அங்கே வேரூன்றியிருக்கின்றன. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவரும், பணியினின்று ஓய்வு பெற்றவருமான நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் மதராஸ் பட்டாளத்தோடு இந்தப் பக்கம் சண்டைக்கு வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். தாங்கள் சர்க்கார் காகிதங்களோடு பழகுகிறவர்கள். அவர் பெயர் எங்கேயாவது எழுதியிருக்குமா?”

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் நமக்குக் காகிதங்களோடு பழக்கம் உண்டு என்பது உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் சுற்றறிக்கைகளும் விதிமுறைகளும் ஆகும். இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிப்பாயின் பெயரைத் தேடுவதென்றால், அக்காலத்துப் போர்களைப் பற்றி யார் எழுதினார்கள், எதைக் கொண்டு எழுதினார்கள் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அதனை அறிவதற்குப் புனேயைக் காட்டிலும் தகுந்த இடம் இந்தியாவில் வேறு எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்துப் போர்களைப் பற்றிய ஆதாரங்களைத் தேடியெடுத்து, கூட்டம் கூட்டிப் படித்து, ஒருவரோடொருவர் வாதிட்டுப் பார்க்கும் வழக்கம் இந்நகரில் ஒன்றரை நூற்றாண்டாக இருந்து வருகிறது.

இவ்வழக்கம் ஒரு தோல்விக்குப் பின் பிறந்தது. 1817 நவம்பர் 5-ஆம் நாள் கட்கியில் பேஷ்வா இரண்டாம் பாஜி ராவின் சேனைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் போர் நிகழ்ந்தது. கம்பெனியின் பக்கம் ஏறத்தாழ மூவாயிரம் பேர். பேஷ்வாவின் பக்கம் அதனினும் பன்மடங்கு. பாபு கோகலே தலைமை தாங்கிய மராட்டியச் சேனை அன்று வெல்லவில்லை. கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த எல்பின்ஸ்டனின் சங்கம் மாளிகையும் அவர் அரிதிற் சேர்த்த நூல்களும் தீக்கிரையாயின. அதே மாதம் 17-ஆம் நாள் புனே நகரம் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1818 ஜூன் மாதத்தில் பேஷ்வா சரணடைந்து, கங்கைக் கரையிலுள்ள பிட்டூருக்கு அனுப்பப்பட்டார்.

வென்றவர் கையில் நாடு மட்டுமன்றி, தோற்றவரின் கணக்கும் கடிதமும் சேர்ந்தே கிடைத்தன. அப்போரின்போது எல்பின்ஸ்டனிடம் பணியாற்றிய கிராண்ட் டஃப் என்னும் இராணுவ அதிகாரி, அவற்றைப் பயன்படுத்தி மராட்டியர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1826-இல் வெளியிட்டார். உழைத்து எழுதப்பட்ட நூல் என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் போரில் ஒரு கட்சியைச் சேர்ந்தவரே தீர்ப்பும் எழுதுவாராயின், மற்றக் கட்சியார் வாளாவிருப்பரோ? 1867-ஆம் ஆண்டு வாக்கில் நீலகண்ட ஜனார்தன கீர்த்தனே என்னும் இளைஞர் ஒருவர், புனேயில் கூடிய இளைஞர் சங்கம் ஒன்றில் அந்நூலைக் குறை கூறி ஒரு கட்டுரை படித்தார். மராட்டியரின் வரலாற்றுக்கு மராட்டியரின் ஆதாரங்களைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றுக்கொண்டவர் விசுவநாத காசிநாத ராஜவாடே என்பவர். ஊர் ஊராக நடந்து சென்றார். பழைய குடும்பங்களின் வீட்டுப் பரண்களில் துணியில் கட்டிக் கிடந்த ஏடுகளையும் கடிதங்களையும் கேட்டு வாங்கினார். ஆங்கிலம் நன்கறிந்திருந்தும் மராத்தியிலேயே எழுதுவது என்னும் உறுதி பூண்டார். 1898-இல் அவர் வெளியிட்ட முதல் ஆதாரத் தொகுதியைத் தொடர்ந்து மொத்தம் இருபத்திரண்டு தொகுதிகள் வெளிவந்தன. எவருடனும் எளிதில் ஒத்துப்போகாத இயல்பினர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். கரையானோடு போட்டியிட்டவருக்குப் பொறுமை குறைவாக இருந்ததில் வியப்பில்லை. 1910-இல் மேஹேந்தளே என்னும் நண்பருடன் சேர்ந்து அவர் தோற்றுவித்ததே பாரத இதிகாச சம்சோதக மண்டலம். சதாசிவ பேட்டையில் இன்றும் அது நடைபெற்று வருகிறது.

மண்டலத்தின் வேலைமுறை எளிமையானது. உறுப்பினர் ஒருவர் தமக்குக் கிடைத்த ஓர் ஓலையையோ கடிதத்தையோ கூட்டத்துக்குக் கொண்டுவருவார். அதனைப் படித்துக் காட்டி, அதன் காலம் இது, எழுதியவர் இன்னார், இதனால் தெரியவரும் செய்தி இது என்று சொல்வார். கேட்பவர்கள் மறுப்பார்கள், கையெழுத்தைச் சந்தேகிப்பார்கள், தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தச் சோதனையில் நின்றது அச்சுக்குப் போகும். முதலில் ஆதாரம், பிறகே கதை என்பது அவர்கள் கொள்கை. இந்த ஆதாரங்களுள் மிகப் பல மோடி என்னும் எழுத்தில் அமைந்தவை. எழுதுகோலை எடுக்காமல் விரைந்து எழுதுவதற்காக ஏற்பட்ட அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர்.

புனேயில் மற்றொரு பெருங்களஞ்சியமும் உண்டு. அதுவே பேஷ்வா தப்தர் எனப்படும் அரசாங்க ஆவண நிலையம். அங்கே ஏறத்தாழ 35,000 கட்டுகள் இருந்தன. ஆங்கில அரசாங்கம் அவற்றை எல்லோருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. இறுதியில் கோவிந்த சகாராம் சர்தேசாய் என்பவரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. கல்கத்தாவின் சர் யதுநாத் சர்க்கார் அவருக்குத் துணையாயிருந்தார். 1930 முதல் 1934 வரையில் நாற்பத்தைந்து தொகுதிகள் வெளிவந்தன. பூட்டிய கதவின் திறவுகோல் யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றிப் புனேயின் அறிஞர்களுக்கும் இவ்விருவருக்கும் இடையே நெடுங்காலம் மனக்கசப்பு நிலவியது. இரு தரப்பாரும் உழைத்த உழைப்பு நமக்குப் பயன்பட்டது. மனக்கசப்பை அவர்களோடு விட்டுவிடலாம்.

1935 ஜூன் மாதத்தில் மண்டலத்தின் வெள்ளி விழாவையொட்டி, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சரித்திர ஆசிரியர்கள் புனேயில் கூடினார்கள். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் சர் ஷபாத் அகமத் கான் தலைமை தாங்கினார். தத்தோ வாமன் போத்தார் அம்மாநாட்டுக்காக அரும்பாடுபட்டார். தற்கால வரலாற்றுக்கெனக் கூடிய அம்மாநாடு, எல்லாக் காலத்து வரலாற்றையும் தழுவும் பேரவையாக விரிய வேண்டும் என்று தீர்மானித்தது. 1938-இல் அலகாபாத்தில் இந்திய வரலாற்றுப் பேரவை என்னும் பெயருடன் அது மீண்டும் கூடிற்று. 1945-இல் நம் அண்ணாமலை நகரிலும், 1963-இல் இருபத்தைந்தாவது கூட்டமாகப் புனேயிலும் அப்பேரவை நிகழ்ந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் பேரவையின் பிறப்பிடம் இந்நகரே என்பது இங்கு வாழும் நம்மவர் பலருக்குத் தெரியாது.

இத்தகைய கூட்டங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். கோரேகாவ் போரை எடுத்துக்கொள்வோம். புனேயிலிருந்து வடகிழக்கே, பீமா ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது. 1817 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு கேப்டன் ஸ்டான்டன் ஷிரூரிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு பேருடன் புறப்பட்டார். புனேயில் இருந்த ஆங்கிலப் படைக்கு உதவியாகப் போய்ச் சேர்வது அவர் நோக்கம். மறுநாள் காலையில் வழியில் பேஷ்வாவின் பெருஞ்சேனையைக் கண்டார், கோரேகாவுக்குள் புகுந்துகொண்டார். அன்று இரவு வரையில் சோறும் நீருமின்றிப் போர் நடந்தது. கம்பெனிப் படையில் மாண்டவரும் காயமுற்றவரும் காணாமற்போனவருமாக 275 பேர். ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகள் இதனை ஒப்பற்ற வெற்றி என்கின்றன. மறுபக்கத்திலிருந்து நோக்கினால், ஜெனரல் ஸ்மித்தின் படை பின்தொடர்ந்து வருவதையறிந்த பேஷ்வா, அங்கே தங்காமல் தெற்கு நோக்கி விலகிச் சென்றார் என்று தெரிகிறது. ஸ்டான்டனும் புனேக்குச் செல்லவில்லை, ஷிரூருக்கே திரும்பினார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்குத்தான் அன்று நடந்தது இன்னதென்று ஒருவாறு விளங்கும்.

இவ்விரண்டோடும் முடியவில்லை. 1821-இல் ஆங்கிலேயர் அங்கே ஒரு தூணை எழுப்பத் தொடங்கினர். அதில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பொதுவாக அக்காலத்துப் போர் அறிக்கைகளில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டுமே உண்டு. கோரேகாவ் தூணோ மாண்ட சிப்பாய்களின் பெயர்களையும் தாங்கி நிற்கிறது. அவற்றுள் ‘நாக்’ என்று முடியும் பெயர்கள் பல. அவை மகார் வகுப்பினரின் பெயர்கள். பேஷ்வாக்களின் ஆட்சியில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்கள் அவர்கள். 1927 ஜனவரி 1-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் அத்தூணின் முன் வந்து நின்றார். இன்றும் அந்நாளில் பெருந்திரளான மக்கள் அங்கே கூடுகின்றனர். வென்றவன் தன் புகழுக்காக எழுதிவைத்த கல்லில், நூறாண்டு கழித்து வேறொருவர் தம் முன்னோரின் பெயரைக் கண்டெடுத்துவிட்டார்! ஒரே கல்லை மூவர் மூன்று விதமாகப் படிக்கின்றனர். அவருள் ஒருவரையும் பொய்யர் என்று நாம் சொல்லிவிட முடியாது.

நண்பரின் கேள்வியை மனத்திற்கொண்டு நாம் அத்தூணைப் பார்க்கச் சென்றோம். சென்னைப் பீரங்கிப் படையினரும் அப்போரில் இருந்தனர் என்பதைப் படித்திருந்தமையால், தமிழ்ப் பெயர் ஏதேனும் கிடைக்கும் என்னும் ஆசையும் நமக்கு இருந்தது. அது அறியாமை. இரு சிறு பீரங்கிகளுடன் அங்கே போரிட்ட அப்பிரிவினர் பெரும்பாலும் ஐரோப்பியர். அவர்கள் தலைவரான லெப்டினன்ட் சிசம் என்பவரும் அங்கேயே மாண்டார். பெயரில் சென்னை இருந்தால் ஆளும் தமிழர் என்று கொள்வது தவறு. மேலும், சென்னை மாகாணத்துச் சிப்பாய்ப் படையில் தமிழரேயன்றித் தெலுங்கரும் முஸ்லிம்களும் பிறரும் இருந்தனர்.

நம்மவர் போரிட்ட இடத்தைக் காண வேண்டுமாயின் நாகபுரிக்குச் செல்ல வேண்டும். கட்கிப் போர் நடந்த அதே மாதத்தில், நவம்பர் 26, 27 ஆகிய நாள்களில், நாகபுரியின் நடுவேயுள்ள சீதாபல்டி என்னும் குன்றில் கம்பெனிப் படை போன்ஸ்லே மன்னரின் சேனையை எதிர்த்து நின்றது. அங்கே காலாட்படையில் முதன்மையானவை சென்னைச் சிப்பாய்களின் 20-ஆம், 24-ஆம் படைப்பிரிவுகளைச் சேர்ந்த பட்டாளங்கள். சிறு குன்று ஒருமுறை கைவிட்டுப் போய் மீண்டும் கைப்பற்றப்பட்டது. கம்பெனியின் பக்கம் மாண்டவரும் காயமுற்றவரும் 367 பேர்.

போர் முடிந்தபின், 24-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சிப்பாய்கள் தங்கள் வீரத்துக்குப் பரிசாக ஒன்றை வேண்டினர். நிலமும் பொருளும் கேட்கவில்லை. தங்கள் பழைய எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்றனர். அது 1-ஆம் எண்.

அந்த எண் அவர்களை விட்டுப் போனதன் காரணம் வேலூரில் இருக்கிறது. 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையும், நெற்றிக் குறிகளையும் தாடியையும் பற்றிய கட்டளைகளும் அதற்கு உடனடிக் காரணமாயின. எழுச்சி அன்றே அடக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், சிலர் பீரங்கி வாயிற் கட்டிச் சுடப்பட்டனர். வேலூரில் இருந்த 1-ஆம், 23-ஆம் படைப்பிரிவுகளின் எண்களைப் பட்டியலிலிருந்தே அரசாங்கம் அழித்துவிட்டது. குற்றத்தில் சேராதார் என்று கருதப்பட்டவர்களைக் கொண்டு 24, 25 என்னும் புதிய எண்களில் பிரிவுகளை அமைத்தது. பதினோராண்டு கழித்துச் சீதாபல்டியில் வென்றவர்கள் கேட்டது அந்த அழிந்த எண்ணைத்தான். அரசாங்கம் இசைந்தது.

ஆங்கிலேயர் எழுதிய படை வரலாறுகளில் இச்செய்தி விசுவாசத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாக வருகிறது. நமக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. வேலூரில் மாண்டவர்கள் இவர்களுடன் ஒரே கூடாரத்தில் உண்டு உறங்கியவர்கள். சிலர் உறவினராகவும் இருந்திருக்கலாம். அவர்கள் தாங்கியிருந்த எண்ணை மீட்டுத் தருமாறு கேட்டவர்கள், கம்பெனியின் மன்னிப்பைக் கேட்டார்களா, அல்லது தம் தோழரின் பெயரை மீட்டார்களா? விண்ணப்பத்தைப் பற்றிய செய்தியை எழுதிவைத்தது அதிகாரிகளின் பேனா. சிப்பாய் தமிழில் சொன்ன சொல் அந்தப் பேனா வழியாகத்தான் நம்மை வந்தடைகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் தொழிலில் இருபதாண்டு கழித்த நாம் ஒன்று சொல்லலாம்: விண்ணப்பம் எழுதித் தருபவன் விண்ணப்பதாரரின் மனத்தை முழுதும் எழுதுவதில்லை. வேலூர் நிகழ்ச்சியைக் கலகம் என்பதா, எழுச்சி என்பதா, புரட்சி என்பதா என்று இன்றும் நம் நூல்கள் ஒருமுகப்படவில்லை. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்தப் பக்கத்துக் காகிதத்தைப் படித்தவர்களாகிறோம்.

சென்னைச் சிப்பாய்கள் இந்நாட்டின் எல்லைக்குள் மட்டும் போரிட்டாரல்லர். 1762-இல் மணிலாவுக்கும், 1811-இல் ஜாவாவுக்கும், 1824-இல் பர்மாவுக்கும், 1840-இல் சீனத்துக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1841 மே மாத இறுதியில், கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்னும் ஊரருகே, சென்னை 37-ஆம் படைப்பிரிவின் ஒரு பகுதியினர் கடும் மழையில் வழி தப்பினர். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் அவர்களது துப்பாக்கிகள் நனைந்து வெடிக்க மறுத்தன. ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தார் சூழ்ந்துகொள்ள, உதவிப் படை வரும் வரையில் சதுரமாக அணிவகுத்து நின்று உயிர் தப்பினர். அந்நிகழ்ச்சி சீன நாட்டின் வரலாற்று நூல்களில் மக்கள் எதிர்ப்பின் முதல் வெற்றியாகப் போற்றப்படுகிறது. அங்கே மழையில் நனைந்து நின்றவர்கள் நம் பக்கத்து மனிதர்கள் என்பது சீனரும் சொல்லாதது, நாமும் சொல்லாதது.

தமிழில் இத்தகைய சான்றுகள் அறவே இல்லையோ என்று ஐயுற வேண்டாம். புதுச்சேரியில் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் மண்ணில் செய்த போர்களை அன்றாடம் கண்டும் கேட்டும் எழுதிய தமிழ்ச் சான்று. 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானதை அதில் படிக்கலாம். ஆனால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-இல் தொடங்கி 1928-இல் பன்னிரண்டு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. தமிழ் மூலமோ 1948-இல்தான் அச்சேறத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு முந்திக்கொண்டு மூலம் காத்திருந்த கதை நம் தொழிலுக்குப் பெருமையா, சிறுமையா என்று நாம் அறியோம். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் மோடி ஆவணங்களும் அவ்வாறே நெடுங்காலம் காத்திருந்தன. அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாகத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. புனேயிலும் தஞ்சையிலும் ஒரே எழுத்து என்பதை நினைவிற்கொண்டால், மராத்தி பேசும் நாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் இத்துறையில் செய்யக்கூடியது மிகுதி. தமிழும் மராத்தியும் ஒருங்கே நாவில் உள்ளவர் சரித்திர ஆராய்ச்சிக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இனி நண்பருக்கு நாம் சொன்ன விடை. கம்பெனியில் பணிபுரிந்த ஐரோப்பியப் போர்வீரர்களின் பெயர்ப் பட்டியல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன; அவை இன்றும் அங்குள்ள நூலகத்தில் உள்ளன. சாதாரணச் சிப்பாய்களுக்கு அத்தகைய தொடர் வரிசை இல்லை. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இராணுவத் துறையின் நடவடிக்கைக் குறிப்புகள் உள்ளன. ஓய்வூதியம், விதவைக்கு உதவி, பதக்கம், தண்டனை போன்ற ஏதேனும் ஒன்றின் பொருட்டுப் பெயர் எழுதப்பட்டிருந்தால் கிடைக்கலாம். ஒன்றும் கேளாமலும் ஒன்றிலும் அகப்படாமலும் பணி செய்து மறைந்த மனிதராயின் கிடைப்பது அரிது.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “கேட்டுப் பார்ப்பதில் தவறில்லையே, ஐயா” என்றார். அதுவும் சரியே. காப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நாமே எழுதத் தொடங்கினோம். முன்னோரின் பெயர், சொந்த ஊர் ஆகியவற்றை நண்பர் கூறினார். படைப்பிரிவின் எண் என்னும் இடம் வந்ததும் எழுதுகோல் நின்றது. அவருக்குத் தெரியவில்லை. எண் இன்றேல் எந்தக் கட்டில் தேடுவது? ஆம்பூரில் அவருடைய அத்தையார் இருக்கிறாராம், வயது எண்பத்தாறு, பழைய கதைகள் அவருக்குத்தான் தெரியுமாம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் சென்று கேட்டு வருவதாகச் சொல்லி, பாதி எழுதிய விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கட்கிக்குப் பேருந்து ஏறினார்.